கொரோலா 121: ஹைவேயில் இழுக்கவில்லை, பெற்றோல் பம்ப் மாற்றத்தான் வேண்டுமா?

அகிலா_வெள்ளவத்தை

வணக்கம். வீட்டில் இருப்பது 2003 கொரோலா 121, 1500 சிசி, ஓட்டோ கியர், ஜப்பானில் இருந்து வந்தது. அப்பாவின் கார், இப்போது நான்தான் ஓட்டுகிறேன். காலி வீதியில் வேலைக்குப் போய் வர ஒரு குறையும் இல்லை. ஐட்லிங் நன்றாக நிற்கிறது, ஏசி போட்டாலும் நடுங்குவதில்லை.

பிரச்சினை ஹைவேயில்தான். கொட்டாவையில் ஏறி கெலனிகம வரும்வரை ஒழுங்காகப் போகும். அப்புறம் 90க்கு மேல் போக மிதித்தால் குலுக்கிக் குலுக்கி வேகம் இறங்குகிறது. இன்னும் மிதித்தால் இன்னும் மோசம், காலை எடுத்தால் சரி. செக் எஞ்சின் லைட் ஒருமுறை எரிந்து பிறகு தானாகவே அணைந்துவிட்டது.

கராஜ் ஒன்றில் காட்டினேன். அங்கிருந்த மெக்கானிக் பாஸ் சாவியை ஓனில் வைத்துக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "சத்தமே இல்லை, பம்ப் போய்விட்டது" என்றார். பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் பம்ப் எடுத்துப் போடலாமாம், புதியது என்றால் விலை வேறு. பம்ப் போய்விட்டது என்றால் கார் எப்படி தினமும் வேலைக்குப் போகிறது என்று கேட்டேன், அதற்குப் பதில் இல்லை. யாராவது விளக்குவீர்களா?

கொட்டாஞ்சேனை_குமார்

95 ஒக்டேன் பெற்றோல் அடித்துப் பாருங்கள் அக்கா. 92 அடித்துத்தான் இந்த எஞ்சின்கள் எல்லாம் இழுவை இல்லாமல் போகின்றன. கூடவே ஒரு போத்தல் இஞ்செக்டர் கிளீனர். என் மச்சானின் கார் அப்படித்தான் சரியானது.

ரமணன்_தெஹிவளை

குமார், இந்த எஞ்சின் ஜப்பானில் சாதாரண பெற்றோலுக்குச் செய்தது. அங்கே சாதாரண பெற்றோல் என்பது ஏறக்குறைய 90 ஒக்டேன். நம்முடைய 92 அதற்குத் தாராளம். ஒக்டேன் குறைந்தால் எஞ்சின் தட்டும் சத்தம் வரும். அது பெற்றோல் போய்ச் சேராமல் திணறுவதில்லை. அகிலா சொல்வதில் முக்கியமான வரி "இன்னும் மிதித்தால் இன்னும் மோசம், காலை எடுத்தால் சரி" என்பதுதான். கேட்கிற அளவு கிடைக்கவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். ஆனால் பம்ப்தான் காரணம் என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது.

ஒயரிங்_நானா

தங்கச்சி, முதலில் அந்தச் சத்தக் கதையைத் தள்ளி வையுங்கள். டொயோட்டாவில் அந்தக் காலத்து மொடல்கள் பலவற்றில் சாவியை ஓனில் வைத்தால் பம்ப் ஓடாது. ஸ்டார்டர் சுற்றும்போது ஓடும். பிறகு எஞ்சின் சுற்றுகிறது என்று கிராங்க் சென்சர் சொல்லிக்கொண்டிருக்கும்வரை எஞ்சினின் கணினியான இசியு, பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலேயைப் பிடித்து வைத்திருக்கும். அடிபட்டு எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும், உடைந்த குழாயில் பெற்றோல் பீச்சாது. ஹொண்டாவில், நிசானில் சாவி போட்டதும் ஓரிரு செக்கன் சத்தம் கேட்கும். அந்தப் பழக்கத்தில் 121க்குக் காது கொடுத்தால் எல்லா 121இலும் பம்ப் போய்விட்டதுதான். மாளிகாவத்தைப் பக்கம் எத்தனை நல்ல பம்புகள் இப்படிக் கழன்று கிடக்கின்றன தெரியுமா? அவற்றைத்தான் மறுபடி ரீகண்டிஷன் என்று வாங்குகிறோம்.

உங்கள் கேள்விக்குப் பதில் இது. வெள்ளவத்தை ஃபிளட்டில் மேல் மாடியில் ஒரு குழாயைத் திறந்தால் தண்ணீர் நன்றாக வரும். குளியலறை, சமையலறை எல்லாம் ஒன்றாகத் திறந்தால் நூலாக இறங்கும். தாங்கியில் தண்ணீர் இல்லாமல் இல்லை, வருகிற வழி போதவில்லை. காலி வீதியில் நீங்கள் ஒரு குழாய்தான் திறக்கிறீர்கள். ஹைவேயில் எல்லாக் குழாயும்.

வழி எங்கே ஒடுங்கியது என்பதுதான் கேள்வி. தாங்கிக்குள் இருக்கும் வலையா, ஃபில்டரா, பம்ப் தேய்ந்ததா, பம்புக்குக் கரண்ட் போதவில்லையா, தாங்கிக்குக் காற்றுப் போகவில்லையா. செலவில்லாததில் இருந்து தொடங்குவோம். அடுத்த தடவை ஹைவேயில் அந்தக் குலுக்கல் வந்தால் வெளியேறும் வழியில் இறங்கிப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பெற்றோல் மூடியைத் திறந்து பாருங்கள். காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் பலமாகக் கேட்டு, அப்புறம் கொஞ்ச நேரம் நன்றாக ஓடினால் மூடியும் காற்று வழியும்தான் குற்றவாளி. ஒன்றும் நடக்கவில்லை என்றால் அந்தப் பக்கத்தை மறந்துவிடலாம்.

கொட்டாஞ்சேனை_குமார்

டொயோட்டா பம்ப் எல்லாம் ரீகோல் பண்ணினார்களே, அதுவாக இருக்குமோ?

ரமணன்_தெஹிவளை

அது 2020 ஜனவரியில் தொடங்கியது. பம்புக்குள் இருக்கும் பிளாஸ்டிக் சுழலி பெற்றோலை உறிஞ்சி வீங்கி இறுகிவிடுகிற சிக்கல். பிற்கால மொடல்களுக்கு உரியது, 2003 காருக்குச் சம்பந்தமில்லை.

அகிலா, நானா சொன்னதோடு ஸ்கேன் கருவி ஒன்றை மாட்டி ட்ரிம் பார்க்க முடியுமா? காரின் சோதனைப் பிளக்கில் மாட்டி, போனில் எண்களைப் பார்க்கிற ஓபிடி புளூடூத் கருவி பஞ்சிகாவத்தையிலும் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: ஜப்பான் சந்தைக்குச் செய்த அந்தக் காலத்து டொயோட்டாக்களில் பிளக் பொருந்தும், ஆனால் செயலி "இசியு கிடைக்கவில்லை" என்று சொல்லலாம். கருவி பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். செயலியில் ஜப்பான் டொயோட்டாவுக்கான தொடக்கக் கட்டளையைத் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ட்ரிம் என்றால் இசியு தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெற்றோலைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கிறது என்ற எண். குறுகிய கால ட்ரிம், நீண்ட கால ட்ரிம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பூச்சியத்தை ஒட்டி ஐந்து முன்னே பின்னே என்றால் நலம். 10ஐத் தாண்டினால் ஏதோ இருக்கிறது. 20ஐத் தாண்டினால், காற்றுக்கு ஏற்ற பெற்றோல் இல்லை என்று சொல்லும் பி0171 என்ற கோட் வருவதற்கு வெகுதூரம் இல்லை. உங்கள் லைட் எரிந்து அணைந்தது அதுவாக இருக்கலாம்.

எண்ணைவிட அது எப்போது ஏறுகிறது என்பதுதான் துப்பு. ஐட்லிங்கில் அதிகமாக இருந்து 2500 ஆர்பிஎம்மில் குறைந்தால் இன்டேக் பக்கம் எங்கேயோ காற்று ஒழுகுகிறது, எங்காவது ரப்பர் குழாய் வெடித்திருக்கும். ஐட்லிங்கில் ஒழுங்காக இருந்து சுமை ஏற ஏறக் கூடினால் பெற்றோல் போதவில்லை, அல்லது காற்றளவு சென்சரில் தூசி. அந்தச் சென்சர் ஐட்லிங்கில், எஞ்சின் சூடாக இருக்கும்போது, இந்த எஞ்சினுக்கு நொடிக்கு 2 கிராம் சுற்றுவட்டாரத்தில் காட்ட வேண்டும்.

முழுவதுமாக மிதித்துக்கொண்டு ட்ரிம் பார்க்காதீர்கள். முழு மிதியில் இசியு, புகைக்குழாயில் இருக்கும் ஒக்சிஜன் சென்சரின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடும், எண் உறைந்து நிற்கும். அந்த நேரம் பார்க்க வேண்டியது ஒக்சிஜன் சென்சர் வோல்ட். 0.8, 0.9 என்று நின்றால் பெற்றோல் வருகிறது. 0.2க்குக் கீழே விழுந்தால் வரவில்லை.

மட்டறுத்துநர்

ஓட்டுகிறவர் போன் திரையைப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் ஒருவர் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

வத்தளை_டொல்பின்

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். என் டொல்பின் வேன், டீசல். காலையில் ஸ்டார்ட் எடுக்கச் சுணக்கம். ஃபில்டர் மேல் இருக்கும் கைப்பம்பை அமுக்கினால் உடனே எடுக்கிறது. இதுவும் பம்ப் தானா?

ஒயரிங்_நானா

தம்பி, அது காற்றுப் பிடிக்கிறது. இரவில் நிற்கும்போது எங்கேயோ காற்று உள்ளே போய் டீசல் பின்வாங்கிவிடுகிறது. ஃபில்டருக்கும் இஞ்செக்டர் பம்புக்கும் நடுவில் ஒரு துண்டு கண்ணாடிக் குழாய், அதாவது உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய், டீசலைத் தாங்குகிற வகை, போட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் அதற்கு முன்னால் இருக்கும் கிளிப், குழாய், கைப்பம்பின் சீல் எல்லாம் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கைப்பம்பே ஒழுகும். மற்றது எல்லாம் தனி இழையில் கேளுங்கள், இங்கே தங்கச்சியின் வேலை முடியட்டும்.

அகிலா_வெள்ளவத்தை

தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஹைவேயில் போய் வந்தேன். கருவி முதலில் இணையவே இல்லை, ரமணன் சொன்னபடி செயலியில் மாற்றியதும் வந்தது.

பெற்றோல் மூடி: இலேசான மூச்சு மட்டும், ஓட்டத்தில் வித்தியாசம் இல்லை. ஐட்லிங்கில் நீண்ட கால ட்ரிம் 3, குறுகிய கால ட்ரிம் பூச்சியத்தைச் சுற்றி. 60இல் இரண்டும் சேர்த்து 7. 90இல் ஏற்றம் ஒன்றில் நீண்டது 14, குறுகியது 12. அதற்கு மேல் மிதித்தபோது ஒக்சிஜன் சென்சர் 0.1. சேமித்திருந்த கோட் பி0171தான். காற்றளவு சென்சர் ஐட்லிங்கில் 2.1 காட்டியது. அதற்கென்று விற்கும் ஸ்பிரேயால் அதைக் கழுவியும் பார்த்தோம், மாற்றமில்லை.

ரமணன்_தெஹிவளை

அருமையான பதிவு. இப்படி எண்ணோடு வந்தால்தான் பேச முடியும். 26 சதவீதம் கூட்டியும் காணவில்லை, முழு மிதியில் 0.1. பெற்றோல் போதவில்லை என்பது இப்போது ஊகம் இல்லை. புகைக்குழாயில் இருக்கும் கட்டலிஸ்ட் அடைத்தாலும் இழுவை போகும், ஆனால் ட்ரிம் இப்படி ஏறாது. ஸ்பார்க் பிளக், இக்னிஷன் கொயில் என்று யாராவது சொன்னாலும் தலையாட்டாதீர்கள். அடுத்தது பிரஷர்.

121இல் திரும்பிப் போகும் குழாய் இல்லை, பிரஷர் சீராக்கி பம்போடு சேர்ந்து தாங்கிக்குள்ளேயே இருக்கிறது. இருக்க வேண்டியது 304 முதல் 343 கிலோபாஸ்கல், அதாவது 44 முதல் 50 பிஎஸ்ஐ. எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்தும் 147 கிலோபாஸ்கலுக்குக் குறையக் கூடாது. ஐட்லிங்கில் 46 காட்டினால் "பம்ப் நல்லது" என்று சொல்லிவிடுவார்கள், அதற்கும் மயங்க வேண்டாம். குழாயில் யாரும் தண்ணீர் எடுக்காதபோது இருக்கும் அழுத்தம் அது. சுமையில் என்ன காட்டுகிறது என்பதுதான் கணக்கு. நீளக் குழாயுள்ள மீட்டர் என்றால் பொனெட்டுக்கு வெளியே எடுத்து, முன் கண்ணாடியின் வெளிப்பக்கம் வைப்பர் கீழே செருகி ஓட்டலாம். காருக்குள் மட்டும் கொண்டு வரக்கூடாது.

மட்டறுத்துநர்

குழாயைக் கழற்றுபவர்களுக்கு: முதலில் பிரஷரை இறக்குங்கள். பின் சீட்டுக்குக் கீழே பம்பின் பிளக்கைக் கழற்றி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணித் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, இன்னொருமுறை ஸ்டார்டரைச் சுற்றி, பிறகு பற்றரியின் நெகடிவ்வைக் கழற்றுங்கள். ஃபிளட்டின் நிலத்தடி கார்ப் பார்க்கில் இந்த வேலை வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்வில் தேங்கி நிற்கும். வயரில் தொங்கும் பல்ப் வேண்டாம். பவுடர் தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில்.

பாமன்கடை_விட்ஸ்

அந்த 147 கதையைக் கொஞ்சம் சொல்வீர்களா அண்ணா? என் விட்ஸ் ஓட்டத்தில் பிழையில்லை, காலையில் மட்டும் நீளமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது.

ரமணன்_தெஹிவளை

பம்பின் வாயில் ஒருவழி வால்வு இருக்கும். அது தேய்ந்தால் இரவில் பிரஷர் தாங்கிக்கு இறங்கிவிடும், காலையில் குழாய் நிரம்பும்வரை சுற்ற வேண்டும். இஞ்செக்டர் சொட்டினாலும் பிரஷர் இறங்கும், ஆனால் அப்போது ஸ்டார்ட் ஆனதும் பெற்றோல் மணக்கும், எஞ்சின் கொஞ்ச நேரம் மூச்சு முட்டும். மணம் இல்லாமல் வெறும் சுணக்கம் என்றால் வால்வுதான் முதல் சந்தேகம். பற்றரி பலவீனத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனை_குமார்

2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது கியூவில் நின்று, கேனில் வாங்கி, பீப்பாயில் இருந்து ஊற்றி என்று எல்லாம் செய்தோமே. பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வருவதற்கு முன்னால் எதை ஊற்றினோம் என்று யாருக்குத் தெரியும்? அந்தக் கசடு வலையில் இருக்காதா?

ஒயரிங்_நானா

இருக்கும் தம்பி, இது நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் இருந்து தாங்கி கழுவாத கார்கள் நிறைய உண்டு. கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் எடுத்து ஆடாமல் வைத்தால் தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். மண்ணெண்ணெய் சந்தேகம் என்றால் வெள்ளைத் தாளில் ஒரு துளி விடுங்கள், சுத்தமான பெற்றோல் சீக்கிரம் பறந்துவிடும், மண்ணெண்ணெய் எண்ணெய்க் கறையாக நிற்கும்.

ஆனால் தாங்கியைத் திறப்பதற்கு முன்னால் மீட்டரை எடுங்கள். தங்கச்சி, பின் சீட்டைத் தூக்கினால் வட்ட மூடி, அதற்குக் கீழே பம்பின் பிளக். பிளக்கைக் கழற்றிவிட்டு வோல்ட் பார்க்கக் கூடாது. கழற்றினால் கரண்ட் ஓடாது, நூல் அளவு கம்பியிலும் 12 வோல்ட் அழகாகக் காட்டும். பிளக் மாட்டியபடியே, பின்பக்கமாக ஊசி விட்டு, எஞ்சின் ஓட, ஏசி, ஹெட்லைட் எல்லாம் போட்டு அளக்க வேண்டும். பற்றரியில் எவ்வளவு, பம்பில் எவ்வளவு. அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எனக்குப் பிடிக்காது.

கிளாம்ப் மீட்டர் இருந்தால் அம்பியரும் பாருங்கள். இந்த அளவு பம்ப் வழக்கமாக நாலைந்து அம்பியர் எடுக்கும். வோல்ட் சரி, அம்பியர் கூட என்றால் பம்ப் இறுகுகிறது, அல்லது ஃபில்டரை எதிர்த்துத் தள்ளுகிறது. வோல்ட் சரி, அம்பியர் குறைவு, பிரஷரும் குறைவு என்றால் உள்ளே தேய்ந்துவிட்டது, இல்லையேல் குமார் சொன்ன வலை அடைத்து வெறுமனே சுற்றுகிறது. வோல்ட்டே குறைவு என்றால் பம்பைத் தொடாதீர்கள், வயரைத் தேடுங்கள்.

அகிலா_வெள்ளவத்தை

தெஹிவளையில் வேறொரு கராஜில் பிரஷர் மீட்டரும் மல்டிமீட்டரும் வைத்திருந்தார்கள், நான் இந்த இழையைப் போனில் காட்டினேன். பாஸ் முதலில் சிரித்தார், பிறகு ஆர்வமாகிவிட்டார்.

ஐட்லிங்கில் 46 பிஎஸ்ஐ. வீதியில் கண்ணாடிக்கு வெளியே வைத்து ஓட்டினோம், பெரிதாக மிதித்தபோது 30க்கு இறங்கியது. பற்றரியில் 14.0 வோல்ட். பம்பில் 10.8.

ஒயரிங்_நானா

பிடித்தாச்சு! 3.2 வோல்ட் வழியில் எங்கேயோ சூடாகப் போய்க்கொண்டிருக்கிறது. பாஸிடம் சொல்லுங்கள்: மீட்டரின் ஒரு கால் பற்றரி நெகடிவ்வில், மற்றது பம்பின் நெகடிவ்வில். அங்கே சிறிய எண் வந்தால் எர்த் நல்லது, பிழை பொசிட்டிவ் பக்கம். அடுத்தது ரிலே. அதன் தடித்த இரண்டு கால்களுக்கும் நடுவே, ஓடும்போதே அளக்க வேண்டும். அங்கேயும் சிறிது என்றால் ரிலேக்கும் சீட்டுக்கும் இடையில் தேடுங்கள். தரைவிரிப்பைத் தூக்க நேரும். ஒன்று கேட்கிறேன், காரில் பிறகு பூட்டிய அலார்ம் ஏதும் உண்டா?

அகிலா_வெள்ளவத்தை

நானா, நீங்கள் காரைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறீர்களா?

எர்த்தில் 0.1. ரிலேயில் 0.1. தரைவிரிப்பைத் தூக்கினால் ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் ஒரு சிறிய தட்டுச் சுவிட்ச். பம்புக்குப் போகும் தடித்த வயரை வெட்டி, இரண்டு பக்கமும் மெல்லிய வயர் முறுக்கி, டேப் சுற்றியிருக்கிறார்கள். டேப் பிசுபிசுத்து உரிந்து வந்தது. சுவிட்சின் ஒரு கால் கறுத்து, பக்கத்தில் பிளாஸ்டிக் உருகியிருந்தது. அப்பாவிடம் கேட்டேன். வாங்கும்போதே இருந்ததாம், கார் திருட்டுக்குப் பயந்து முதல் உரிமையாளர் போட்டதாம், ஒரு நாளும் பாவிக்கவில்லையாம்.

சுவிட்சை எடுத்துவிட்டு, அதே தடிப்பு வயரால் ஈயம் வைத்து இணைத்தார்கள். இப்போது பம்பில் 13.7. மிதித்தாலும் பிரஷர் 45க்குக் கீழே போகவில்லை. ஹைவேயில் 100இல் ஏசியோடு வெலிப்பன்ன வரை போய் வந்தோம், ட்ரிம் 4க்கு மேல் ஏறவில்லை. பழைய பம்ப்தான், மாற்றவில்லை.

ரமணன்_தெஹிவளை

சந்தோஷம். ஏன் கெலனிகம தாண்டித்தான் தொடங்கியது என்பதும் இதோடு விளங்குகிறது. அந்தச் சுவிட்ச் சூடாகச் சூடாக இன்னும் மோசமாகியிருக்கும். நகரத்தில் 10.8 வோல்ட்டில் ஓடும் பம்பே போதும், ஹைவேயில் அது காணாது. புதிய பம்ப் போட்டிருந்தாலும் அதே 10.8 தான் கிடைத்திருக்கும்.

நீண்ட கால ட்ரிம் பழையதை இன்னும் கொஞ்சம் நினைவில் வைத்திருக்கும். பற்றரியை எப்படியும் கழற்றி மாட்டியிருப்பீர்கள், அதனால் கவலையில்லை.

கொட்டாஞ்சேனை_குமார்

என் காரிலும் அப்படி ஒரு சுவிட்ச் இருக்கிறது நானா. ஆனால் எடுக்க மனமில்லை, தெருவில்தான் நிறுத்துகிறேன். என்ன செய்யலாம்?

ஒயரிங்_நானா

எடுக்க வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். பம்பின் கரண்ட் சுவிட்ச் வழியாக ஓடக் கூடாது. ரிலேக்குள் ஒரு சுருள் இருக்கிறது, அதை இயக்க மிகச் சிறிய கரண்ட் போதும், ஓர் அம்பியரில் சின்னப் பங்கு. சுவிட்சை அந்தச் சுருளின் வயரில் போடுங்கள். மெல்லிய வயரும் சின்னச் சுவிட்சும் அங்கே காலத்துக்கும் தாங்கும், பம்புக்குப் போகும் தடித்த வயரில் யாரும் கத்தி வைக்கத் தேவையில்லை. முறுக்கி டேப் சுற்றுவது மட்டும் வேண்டாம், ஈயம் வைத்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போடச் சொல்லுங்கள். சீட்டுக்கு அடியிலும் வேண்டாம் தம்பி, திருடன் முதலில் கை விடும் இடம் அதுதான்.